குட்டையின் சாட்சியம்

சென்ற ஐப்பசி மழை ஓய்ந்த மறுவாரம், அன்னவாசல் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் நமது காரியாலயத்துக்கு வந்தார். அவர் கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதனுள் செம்மண் கலங்கிய நீர். நீரினுள் உளுந்துப் பருப்பளவில் ஏழெட்டுச் சிப்பிகள் சுழன்றுகொண்டிருந்தன. "ஐயா, இவை எங்கள் ஊர் வண்டிப்பாதைக் குட்டையில் இருந்தன. மட்டி என்று நினைத்து அள்ளினேன். மட்டி நீந்துமா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. மட்டி நீந்தாது. வழக்குக் கட்டுகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, பொடி எழுத்துப் படிக்க வைத்திருக்கும் பூதக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தோம். கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் இரண்டு ஓடுகள் முதுகுப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, வயிற்றுப்புறத்தில் புத்தகம்போல் திறந்திருந்தன. அவற்றின் இடையே சீப்புப் பற்களைப்போன்ற கால்கள் வரிசையாக ஓயாமல் அசைந்தன. தலைப்புறத்திலிருந்து இரண்டு கிளைத்த உறுப்புகள் துடுப்பாக வெளியே நீண்டு நீரை அடித்தன. உள்ளிருப்பது நத்தையின் சுற்றமன்று, இறாலின் சுற்றம். சிப்பிக்குள் குடியிருக்கும் இறால்! தமிழில் இதற்கென வழங்கும் பெயரை நாம் கேட்டதில்லை. ஆகவே இக்கட்டுரையில் 'சிப்பியிறால்' என்றே சொல்லிச் செல்வோம்.

இளைஞருக்கு வந்த மயக்கம் அவருக்கு மாத்திரம் வந்ததன்று. ஐரோப்பியப் பண்டிதர்கள் வெகுகாலம் இதே மயக்கத்தில் இருந்தார்கள். பாறைகளில் அச்சாகப் பதிந்திருந்த இச்சிற்றோடுகளைக் கண்டு, கடல் மட்டி என்று பெயர் சூட்டி ஏட்டில் ஏற்றிவிட்டார்கள். இது சிறு பிழை போலத் தோன்றும், விளைவு சிறிதன்று. மட்டியென்றால் அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடி. சிப்பியிறால் என்றால் அது மழைக்குட்டை, வற்றும் ஏரி, ஆற்றுவெளித் தேக்கம். ஓட்டுக்குரியவன் யார் என்பதைப் பிழையாகச் சொன்னால் ஒரு தேசத்தின் கடலும் கரையுமே இடம் மாறிவிடும். 1862-ல் ரூபர்ட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் வந்த மாதிரிகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து, இவை மட்டிகளல்ல என்பதைத் தனி நூலாக எழுதி நிலைநாட்டினார். அவர் வழங்கிய இனப்பெயர் 'எஸ்தீரியா'. அப்பெயரோ 1830-லேயே ஓர் ஈக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது பின்னர் தெரியவந்தது. பெயர்ப் பதிவில் முந்தியவனுக்கே உரிமை என்பது பிராணி சாஸ்திரத்தின் விதி. ஈ வழக்கில் வென்றது. இறால் பல புதிய பெயர்களைப் பெற்றது.

இந்த இனத்துக்கு ஒரு விசேஷமுண்டு. நண்டும் இறாலும் வளரும்போது ஓட்டை முழுவதும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போர்த்திக்கொள்ளும். சிப்பியிறாலோ உடலின் தோலைக் கழற்றும். சிப்பியை மட்டும் கழற்றாது. பழைய ஓட்டின் விளிம்பில் புதிதாய் ஒரு கரையை வைத்துத் தைத்துக்கொள்ளும். ஏழை வீட்டுப் பெண் பாவாடையின் ஓரத்தில் வருஷத்துக்கொரு துண்டு கூட்டித் தைப்பதைப் போலத்தான். அதனால் ஓட்டின்மேல் ஒன்றையொன்று சூழ்ந்த வரிகள் விழுகின்றன. இங்கே வாசகர் ஏமாறக்கூடாது. மரத்தின் வளையத்தை எண்ணி வயதைச் சொல்வதுபோல இவ்வரிகளை எண்ணிப் பாறையின் வயதைச் சொல்வார்கள் போலும் என்று எண்ணுவது இயல்பு. அப்படியன்று. வரி என்பது வருஷமன்று, தோலுரித்த தடவை. குட்டை வற்றுமுன் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு மடியவேண்டிய பிராணிக்கு வருஷக்கணக்கு ஏது? அதன் ஆயுள் பெரும்பாலும் சில வாரங்களே. பாறைக்கு வயது சொல்வது வரிகளின் தொகையல்ல. இரண்டு வரிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வேலைப்பாடு. சிலவற்றில் வலைப்பின்னல், சிலவற்றில் கதிர்க்கோடுகள், சிலவற்றில் புள்ளிகள். ஓர் இனத்துக்கு ஒரு சித்திரம். இனம் மாறினால் சித்திரமும் மாறும்.

முட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். குட்டை வற்றிச் சேறு பாளம் பாளமாக வெடித்துப்போன சித்திரை வெயிலில், அதே சேற்றுக்குள் முட்டைகள் உயிரோடு உறங்கும். வருஷக்கணக்கில் உறங்கவும் வல்லவை. காற்று புழுதியோடு வாரிச் செல்லும். கொக்கின் காலில் ஒட்டிய சேற்றோடு வேற்றூர்க் குளம் போகும். மழை விழுந்ததும் பொரிக்கும். ஏரியும் கண்மாயும் ஊரணியும் ஆயிரக்கணக்கில் கிடக்கும் புதுக்கோட்டைச் சீமையில், வானம் பார்த்து வாழ்வது இன்னதென்று நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. இப்பிராணியின் குலமோ அவ்வாழ்வைச் சுமார் நாற்பது கோடி வருஷங்களாக வாழ்ந்து வருகிறது.

பாறையின் வயதுக்கு வருவோம். புதுக்கோட்டையின் குன்றுகளை இப்பிராணியிடம் விசாரிக்க முடியாது. நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருமயம் முதலிய இடங்களின் கருங்கல் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அதில் உயிர்ச்சுவடு இருக்க நியாயமில்லை. கிழக்கே ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துச் செம்புறாங்கல்லோ பூமியின் வயதை நோக்க மிகச் சமீபத்தியது. வடக்கே அரியலூருக்குப் போனால் வேறு காட்சி. அங்கே ஒரு காலத்தில் கடல் ஏறி நின்றது. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டுச் சங்குகள் அந்தப் பாறையில் கிடக்கின்றன. அவற்றைக்கொண்டு பிளான்போர்டு என்பவர் 1862-ல், ஜோன்ஸ் நூலெழுதிய அதே வருஷத்தில், உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளைப் பகுத்துப் பெயரிட்டார். கடல் எல்லா தேசங்களுக்கும் பொது. ஆகவே ஐரோப்பாவில் கிடைத்த சங்கோடு அரியலூர்ச் சங்கை ஒப்பிட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம் என்று துணிந்து சொல்லலாம்.

கடலே எட்டிப் பாராத உள்நாட்டுப் பாறைக்கு யார் சாட்சி? நமது தேசத்தின் நிலக்கரி கிடக்கும் கோண்டுவானா அடுக்குகள் அப்படிப்பட்டவை. ஆறும் ஏரியும் படிய வைத்த மண். கோண்டு மக்களின் நாட்டுப் பெயரைக்கொண்டு 1872-ல் மெட்லிகாட் சூட்டிய இப்பெயர், பிற்பாடு தென்கண்டங்கள் யாவும் ஒட்டியிருந்த பழைய பெருநிலத்துக்கே பெயராகி உலகமெங்கும் வழங்குகிறது. அப்பாறைகளில் அம்மோனைட்டு கிடையாது. இலைச்சுவடு உண்டு, மகரந்தத்தூள் உண்டு, எங்கோ ஓரிடத்தில் எலும்பு உண்டு. சிப்பியிறாலோ நீர் தேங்கிய இடமெல்லாம் கும்பல் கும்பலாகக் கிடக்கும். யானைக்கால் பருமனுள்ள எலும்பு துளைக்கருவிக்குள் அகப்படாது. உளுந்தளவு ஓடு அகப்படும். துளையிட்டு எடுக்கும் கல்தண்டில் ஒரு சாணில் நூறு இருக்கலாம்.

இந்தியாவில் இச்சாட்சியை முதலில் கூண்டிலேற்றியவர்களுள் ஒருவர் ஸ்டீபன் ஹிஸ்லாப். நாகபுரியில் பள்ளி வைத்து நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார். அவருடைய மதப்பிரசார வேலையைப்பற்றி நமக்கு இங்கே பேச்சில்லை; மனிதருக்குக் கண்ணிருந்தது, அதைப் பேசுவோம். நாகபுரிக்குத் தெற்கே மங்கலி என்ற கிராமத்தில் வெட்டியெடுத்த சிவப்புக் கல்லில் அகன்ற மண்டையுள்ள ஒரு நீர்நிலப் பிராணியின் கபாலம் கிடைத்தது. அதை லண்டனுக்கு அனுப்பினார். 1855-ல் ஓவன் அதற்கு 'பிராக்கியாப்ஸ்' என்று பெயரிட்டார். அதே கல்லில் சிப்பியிறால் ஓடுகளும் இருந்தன. 1862-ல் ஜோன்ஸ் அவற்றுக்கு மங்கலியின் பெயரையே வைத்து 'மங்கலியென்சிஸ்' என்றார்.

நாம் வியப்பது வேறொன்றை. ஹிஸ்லாப் பாறையை மட்டும் பார்க்கவில்லை. நாகபுரிக் குளங்களிலும் கைவிட்டுத் துழாவியிருக்கிறார். அவர் அனுப்பிய உயிருள்ள சிப்பியிறால்களை 1859-ல் பெயர்டு என்பவர் விவரித்து, ஒன்றுக்கு ஹிஸ்லாப்பின் பெயரையே சூட்டினார். 'சைக்லஸ்தீரியா ஹிஸ்லாபி' என்று இன்றும் வழங்கும் அது, வெப்ப தேசங்கள் பலவற்றிலும் காணப்படுவது. இறந்ததைப் புரிந்துகொள்ள இருப்பதைப் பார்க்கவேண்டும் என்பது அவருக்கு யார் சொல்லியும் தெரிந்ததன்று. 1863 செப்டம்பரில், பழங்காலச் சமாதிக் கல்வட்டங்களைத் தோண்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், மழையில் பெருகிய ஓடை ஒன்றைக் கடக்கும்போது வெள்ளத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

நாம் வக்கீல் தொழில் செய்பவர். எவ்வளவு நல்ல சாட்சியாயினும் குறுக்கு விசாரணையின்றி விடுவது நமக்கு வழக்கமில்லை. சிப்பியிறாலைக் கேட்கவேண்டிய கேள்விகள் பல. ஓடு மெல்லியது; மேலே மலை மலையாக மண் படிந்து அமுக்கும்போது வட்டம் நீள்வட்டமாகிவிடும். உருவத்தைக்கொண்டு மட்டும் பெயரிட்டால் ஒன்றே இரண்டாகும். பல இனங்களில் ஆணின் ஓடு ஒரு வடிவம், பெண்ணின் ஓடு ஒரு வடிவம். கணவனையும் மனைவியையும் இரு ஜாதியாகப் பிரித்து எழுதிவிட்ட பண்டிதர்களும் உண்டு. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஹிஸ்லாபி என்ற அந்த ஒரே இனத்தையே எடுத்துக்கொள்வோம். பல தேசங்களிலிருந்து திரட்டிய அதன் உயிர் மாதிரிகளை மரபணு முறையில் சோதித்தவர்கள், இது ஓர் இனமன்று, வெகு பழங்காலத்திலேயே பிரிந்த பல இனங்களாக இருக்கக்கூடும் என்று 2013-ல் எழுதினார்கள். காலும் கையும் முழு உடலும் கையிலிருக்கும் பிராணியே இப்படி ஏமாற்றுமானால், வெறும் ஓட்டை மாத்திரம் வைத்துக்கொண்டு பேசுவோர் எவ்வளவு ஜாக்கிரதையாயிருக்கவேண்டும்!

ஜாக்கிரதைக் குறைவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமது மங்கலியே உதாரணம். 1876-ல் கைனிட்ஸ் என்ற ஜெர்மானியப் பண்டிதர், தென்னமெரிக்காவில் அர்ஜென்டினா தேசத்திலிருந்து வந்த கற்களில் சிப்பியிறாலைக் கண்டு, இதுவும் மங்கலியென்சிஸ்தான் என்று எழுதினார். ஒரே பெயர் என்றால் ஒரே காலம் என்று பொருள்பட்டுவிடுமல்லவா? மங்கலிப் பாறையை இன்று டிரையாசிக் யுகத்தின் தொடக்கத்தில், சுமார் இருபத்தைந்து கோடி வருஷங்களுக்கு முன் வைக்கிறார்கள். அர்ஜென்டினாப் பாறைகளோ அதே யுகத்தின் நடுவும் கடையும். இடையில் கோடிக் கணக்கான வருஷ வித்தியாசம். ஒரு பெயரைச் சரிபாராமல் கடன் வாங்கியதால் வந்த வினை. மங்கலியின் பெயர் கடல் கடந்து போனதில் நமக்குப் பெருமை இருக்கலாம். பொய்ச்சாட்சிக்குப் போனதில் பெருமையில்லை.

இக்குறைகளெல்லாம் தெரிந்த பிறகே இச்சாட்சியின் மதிப்பு உயர்ந்தது. மின்னணு நுண்பெருக்காடியில் வைத்து வரிகளின் இடைச்சித்திரத்தைப் பார்க்கத் தொடங்கிய பின் பழைய பெயர்கள் பல சரிந்தன. நின்றவை உறுதியாக நின்றன. 2010-ல் கோசூர், வீம்ஸ் என்ற இருவர், ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் கீழ்க்கரையிலும் உள்ள டிரையாசிக் பாறைகளைச் சிப்பியிறாலைக்கொண்டே பல மண்டலங்களாகப் பகுத்துக் காட்டினார்கள். சீனர் செய்த வேலை இன்னும் பெரிது. வடகிழக்குச் சீனத்தில் ஜெஹோல் என்ற பிரதேசத்துப் பாறைகளை ஒரு சிப்பியிறால், ஒரு பூச்சி, ஒரு மீன் ஆகிய மூன்றின் பெயரால் அடையாளம் கண்டுவந்தார்கள். 1976-லேயே தங்கள் தேசத்துச் சிப்பியிறால் சுவடுகளைத் திரட்டிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார்கள். அப்பாறைகளுக்கிடையே எரிமலைச் சாம்பல் படிந்திருந்தது அவர்கள் பாக்கியம். சாம்பலிலுள்ள கதிரியக்கத் தாதுக்களைச் சோதித்தால் வருஷக்கணக்கே கிடைக்கும். அங்கே ஓரடுக்குக்குப் பன்னிரண்டரைக் கோடி வருஷம் என்று கிடைத்தது. சிப்பியிறால் தானாக வருஷத்தைச் சொல்லாது. எது முந்தியது, எது பிந்தியது, எதற்கு எது சமகாலம் என்பதை மட்டும் சொல்லும். எங்கேனும் ஓரிடத்தில் சாம்பல் தேதியிட்டுவிட்டால், சாம்பலே இல்லாத மற்ற ஊர்களுக்கும் அத்தேதியை எடுத்துச் செல்லும் தபால்காரன் அது.

நமது கோண்டுவானாவில் இத்தகைய சாம்பல் அரிது. ஆகவே வழக்கு நீள்கிறது. கோதாவரியும் பிராணஹிதையும் கூடும் நாட்டில், சிரோஞ்சாவுக்கு அருகே கோட்டா என்ற ஊரின் பெயரால் வழங்கும் பாறையடுக்கைப் பாருங்கள். அதன் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த மீன்களைக்கொண்டு ஜுராசிக் யுகத்தின் முற்பகுதி என்றார்கள். நுண்ணிய ஓட்டுப் பிராணிகளையும் மகரந்தத்தையும் பார்த்த வேறு சிலர், இல்லை, இன்னும் பிந்தியது என்றார்கள். இதே பாறையின் சிப்பியிறாலுக்கும் ஜோன்ஸ் 1862-ல் கோட்டாவின் பெயரை வைத்திருக்கிறார். இந்த அடுக்கிலிருந்துதான் 1961-ல், தாகூர் நூற்றாண்டு வருஷத்தில், கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தார் ஒரு மாபெரும் பிராணியின் எலும்புகளை வெட்டியெடுத்து, 1975-ல் 'பரபாசாரஸ் தாகோரை' என்று பெயரிட்டனர். 'பெரிய கால்' என்று வங்காளத்தில் பொருள். நம்மவர் வெட்டி, நம்மவர் எழுதி, நம் கவியின் பெயரை வைத்த பிராணி அது. அதன் காலம் இன்னதென்று அறுதியிட, அதன் காலடியில் நசுங்கிய உளுந்தளவு ஓட்டையும் கேட்டாகவேண்டும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்க்குத் தாமோதர் நதிப் பள்ளத்தாக்கைச் சுட்டிக்காட்டுவோம். அங்கே ராணிகஞ்சு அடுக்கில் நிலக்கரி உண்டு; அதற்கு மேலே கிடக்கும் பஞ்செட்டு அடுக்கில் இல்லை. அவ்விரண்டுக்கும் இடையே, சுமார் இருபத்தைந்து கோடி வருஷங்களுக்கு முன், உலகத்து உயிர்களில் பெரும்பகுதி மாண்ட பேரழிவு நடந்தது. பஞ்செட்டில் சிப்பியிறால் சுவடு கிடைக்கிறது. உடன் லிஸ்ட்ரோசாரஸ் என்ற பன்றியளவு பிராணியின் எலும்பும் கிடைக்கிறது. நிலத்தில் துளையிடுபவன் தன் கருவி நிற்பது கரிக்கு மேலா, கரியையும் தாண்டிக் கீழேயா என்பதை அறியாவிட்டால், கொட்டும் பணம் குழிக்குள்ளேயே போய்விடும்.

இனி நம்மை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம். 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 90-வது பிரிவை வக்கீல்கள் அறிவார்கள். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட தஸ்தாவேஜு, உரிய காவலிலிருந்து கோர்ட்டுக்கு வந்தால்தான், அதன் கையெழுத்து உண்மையானதென்று அனுமானிக்கலாம். 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய சட்டமும் இக்கொள்கையை விடவில்லை. முப்பது வருஷத்துப் பத்திரத்துக்கே இந்த நிபந்தனை என்றால், முப்பது கோடி வருஷத்துப் பத்திரத்துக்கு எவ்வளவு வேண்டும்! எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு, மேலே என்ன, கீழே என்ன என்ற குறிப்பில்லாத சுவடு வெறும் கல். அலமாரிக்கு அழகு, அறிவுக்கு உதவாது. இமயமலையில் எடுத்ததாக ஓர் இந்தியப் பேராசிரியர் பல வருஷங்களாக எழுதிவந்த உயிர்ச்சுவடுகளில் பல வேறு தேசங்களிலிருந்து வந்தவையாக இருக்கவேண்டும் என்று 1989-ல் ஆஸ்திரேலியரான ஜான் டாலண்ட் 'நேச்சர்' பத்திரிகையில் அம்பலப்படுத்தினார். கடல் சங்கும் நுண்பற்களும் பற்றிய விவகாரம் அது. நமது சிப்பியிறால் அதில் சம்பந்தப்படவில்லை. ஆயினும் அதன் விளைவாக இமயத்தைப்பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்கள் சந்தேகத்துக்கு உள்ளாயின. காவல் கெட்டால் சாட்சியம் கெடும்.

காவலைப்பற்றி நம் சர்க்கார் செய்தது என்ன? பூதத்துவ இலாகா 1851-ல் தோன்றியது; திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கல்லாகிப்போன மரங்களைத் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்துக் காத்து வருகிறது. அது நல்ல காரியம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் மரத்துக்கு வேலி போடலாம். உளுந்தளவு ஓடு கிடக்கும் ஓடைக்கரைக்கு யார் வேலி போடுவார்? 2022 டிசம்பரில் சுரங்க மந்திரி இலாகா இத்தகைய ஸ்தலங்களையும் பொருள்களையும் காக்க ஒரு மசோதாவின் நகலை வெளியிட்டது. எல்லா அதிகாரத்தையும் பூதத்துவ இலாகாவுக்கே கொடுத்திருந்தபடியால், சர்வகலாசாலைகளிலும் பிற கழகங்களிலும் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள் ஆட்சேபித்தார்கள். அவர்கள் ஆட்சேபம் சரியே என்பது நம் அபிப்பிராயம். பரபாசாரஸை வெட்டியவர்கள் சர்க்கார் இலாகாவினர் அல்லர். காவலன் ஒருவனே என்றால் அவன் உறங்கும் நேரத்தில் யார் விழித்திருப்பார்? ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒரு காட்சிசாலையும், அதில் பதிவேடு எழுதத் தெரிந்த ஒருவரும் வேண்டும். புதுக்கோட்டை சமஸ்தானமாயிருந்தபோதே, 1910-ல், இங்கே ஒரு காட்சிசாலை ஏற்பட்டுவிட்டது. திருக்கோகர்ணத்தில் இன்றும் நடக்கிறது. ராஜாக்கள் காலத்தில் ஆனது, நம் காலத்தில் மற்ற ஜில்லாக்களுக்கு ஏன் ஆகக்கூடாது?

இளைஞர் புட்டியை நம் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். பத்து நாளில் சிப்பியிறால்கள் ஒவ்வொன்றாக அடியில் படுத்தன. நீரை ஜன்னலோரத்தில் வைத்து வற்றவிட்டோம். எஞ்சிய செஞ்சேற்றை ஒரு காகிதத்தில் மடித்து, அதன்மேல் ஊரின் பெயர், குட்டை இருக்கும் பாதை, எடுத்த தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை மசியால் எழுதி, பத்திரக்கட்டுகள் இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறோம். அடுத்த ஐப்பசியில் அதை ஒரு கோப்பை மழைநீரில் இட்டுப் பார்க்க அவரே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.